ஈரலுக்குப் பரவும் புற்றும் எதிர்ப்பு அணுக்களும்: மருத்துவப் பகுதி எழுதும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பர்களே,

தமிழ் வார ஏடுகளிலும் நாளிதழ்களின் இணைப்புகளிலும் நீங்கள் எழுதிவரும் மருத்துவக் கட்டுரைகளைத் தவறாமல் படித்துவரும் வாசகன் என்ற உரிமையோடும், நோய்க்குறியியல் என்னும் சாஸ்திரத்தை மாணாக்கர்களுக்குப் போதிப்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவன் என்ற பொறுப்போடும் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் எழுத்தினால் விளைந்திருக்கும் நன்மை சிறிதன்று. சர்க்கரை வியாதியைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும், மார்பில் தட்டுப்படும் கட்டியை வெட்கத்தால் மறைத்து வைக்கலாகாது என்பதைப் பற்றியும் கிராமத்துப் பெண்மணிகள் இன்று தெளிவாகப் பேசுகிறார்களென்றால், அந்தத் தெளிவில் உங்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும், புற்றுநோயைக் குறித்து எழுத நேரும்போது உங்களிற் பலர் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் ஓர் அபிப்பிராயம் என் நெஞ்சை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி என்பது ஒரே பொருள், அது கூடும், குறையும். குறைந்தவர்களுக்குப் புற்று பிற அவயவங்களுக்குப் பரவுகிறது. இன்ன கஷாயத்தாலும் இன்ன பொடியாலும் அதைப் பெருக்கிக்கொண்டவர்களுக்குப் பரவாது என்பதே அந்த அபிப்பிராயம். கேட்பதற்கு எளிதாகவும் நம்புவதற்கு இனிதாகவும் இருக்கும் இக்கருத்து உண்மைக்குப் பொருந்தாதது. பொருந்தாததோடு நில்லாமல், நோயாளிகளின் குடும்பங்களுக்குத் தீங்கும் செய்கிறது. புற்று மிக அதிகமாகச் சென்று குடியேறும் அவயவங்களில் ஒன்றாகிய ஈரலை எடுத்துக்கொண்டு, அங்கே எதிர்ப்பு அணுக்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதை உங்கள் முன் வைத்தால், இந்தக் கருத்தை நீங்களே கைவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

தீங்கு என்று நான் சொன்னது வெறும் வார்த்தையன்று. பெருங்குடற் புற்றுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்குச் சில மாதங்கள் கழித்து ஈரலில் முடிச்சுகள் காணப்பட்டு, ஊசியால் எடுத்த சதைத்துண்டின் பரிசோதனை அறிக்கையை விளக்கிச் சொல்லும்படி அவருடைய மனைவி என்னிடம் வந்தார். ஈரோட்டுப் பக்கத்தவர். கையிலிருந்த மஞ்சள் பைக்குள் அறிக்கைகளோடு இரண்டு பொடி டப்பாக்களும், நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டும் இருந்தன. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க ஐயா, இவருக்கு எதிர்ப்பு சக்தி இல்லாமப் போனதுக்கு நான் ஆக்கிப் போட்ட சாப்பாடுதான் காரணமுங்களா?" என்று கேட்டார். கணவனின் உயிர் ஊசலாடும் வேளையில், அந்த நோய்க்குத் தன் அடுப்படியே காரணம் என்னும் குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்கும்படி அந்த அம்மையாருக்கு விதித்தது யார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தப் பத்திரிகைத் துண்டை எழுதியவர் தீய எண்ணத்தால் எழுதவில்லை. அரைகுறையாக எழுதினார்; அவ்வளவே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புற்று பரவிய ஈரலைப் பிணப் பரிசோதனை மேசையில் பலகை பலகையாக அரிந்து வைத்தால், செம்பழுப்பான சதைக்கு நடுவே வெளுத்த முடிச்சுகள் சிறிதும் பெரிதுமாகத் தோன்றும். மேற்பரப்பை ஒட்டியவற்றின் நடுப்பாகம், இரத்தம் எட்டாமல் உள்ளணுக்கள் மடிந்துபோனபடியால், குழிந்து காணப்படும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் இம்முடிச்சுகளின் ஓரத்தை மெல்லிய தகடாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் அவை ஒன்றல்ல என்பது புலப்படும். ஒரு முடிச்சைச் சுற்றி நார்த்திசு வளையமாகக் கட்டியிருக்கும். வளையத்தின் வெளிப்புறத்தில் நிணநீர் அணுக்கள், கரு நீலப் புள்ளிகளாக, நெருங்கி நிற்கும். இன்னொரு முடிச்சிலோ வளையமும் இராது, நிணநீர் அணுக்களும் அரிதாகவே இருக்கும். புற்றணுக்கள் ஈரலணுக்களின் வரிசைக்குள்ளேயே புகுந்து, அவை இருந்த ஸ்தானத்தில் தாம் அமர்ந்து, ஈரலின் இரத்தக் குழாய்களையே தமக்கும் உரியவையாக்கிக்கொண்டு வளர்ந்திருக்கும். முதல் வகை முடிச்சுகளை உடையவர்கள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்பது குடற்புற்று நோயாளிகளிடம் பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது. நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது வேறொன்று: இவ்விரு வகையும் ஒரே மனிதரின் ஒரே ஈரலில், சில அங்குல தூரத்தில், ஒருங்கே காணப்படுவதும் உண்டு. எதிர்ப்புச் சக்தி ஒருவரிடம் இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு இல்லை என்று அளந்து சொல்லக்கூடிய ஒரே பொருளாக இருந்தால், ஒரே சரீரத்துக்குள் இந்த வேற்றுமை எப்படி ஏற்படும்?

இந்தக் கேள்வியின் வேர் பழமையானது. 1889இல் லண்டனைச் சேர்ந்த ஸ்டீபன் பேஜட் என்னும் அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, அவர்களில் 241 பேருக்கு ஈரலில் புற்று பரவியிருந்ததையும், இரத்தம் தாராளமாகப் பாயும் மண்ணீரலில் 17 பேருக்கு மட்டுமே பரவியிருந்ததையும் கண்டார். இரத்தம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்திலெல்லாம் புற்று முளைப்பதானால் இந்த வித்தியாசம் வரலாகாது என்று வாதித்த அவர், புற்றணுவை விதை என்றும் அது சென்றடையும் அவயவத்தை நிலம் என்றும் கொண்டு, விதையைப் பற்றியே ஆராய்பவர்கள் நிலத்தின் தன்மையையும் ஆராய வேண்டும் என்று வற்புறுத்தினார். 1928இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் யூயிங் இதை மறுத்து, இரத்தக் குழாய்களின் அமைப்பும் ஓட்டமுமே பரவலைத் தீர்மானிக்கின்றன என்று கூற, பேஜட்டின் கருத்து பல ஆண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது. அதை மீட்டவர் ஐசையா ஃபிட்லர். கதிரியக்க அடையாளமிட்ட புற்றணுக்களை எலியின் சிரையில் செலுத்தி அவற்றின் கதியைத் தொடர்ந்த அவர், ஆயிரத்தில் ஒன்றுகூடப் பிழைத்துக் கட்டியாவதில்லை என்பதை 1970இல் காட்டினார். பிறகு 1980இல், எலியின் உடலில் வேறிடத்தில் ஒட்டவைத்த நுரையீரல் துண்டிலும் சினைப்பைத் துண்டிலும் அந்தப் புற்று முளைத்ததையும், அவ்வாறே ஒட்டவைத்த சிறுநீரகத் துண்டில் முளைக்காததையும் ஹார்ட் என்பவரோடு சேர்ந்து நிரூபித்தார். யூயிங் சொன்னதும் முற்றும் பொய்யன்று; குடலின் இரத்தம் ஈரலுக்குத்தான் முதலில் போகிறது என்பதனாலேயே குடற்புற்று ஈரலை நாடுகிறது. ஆனால் போய்ச் சேர்வது வேறு, பிழைத்து வளர்வது வேறு. இடையிலுள்ள அந்த வேறுபாட்டை விளைவிப்பவற்றுள் முதன்மையானவை எதிர்ப்பு அணுக்கள்.

ஈரலுக்குள் வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் இவற்றிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. எஞ்சியதே தமனி வழியாக வரும் தூய இரத்தம். இவ்விரண்டும் கலந்து பாயும் நுண்குழல்களுக்கு சைனுசாயிடு என்று பெயர். மற்ற அவயவங்களின் தந்துகிகளைப் போல் அவற்றுக்குத் திண்ணிய சுவர் இல்லை; சுவரணுக்களில் சல்லடைத் துளைகள் இருக்கின்றன; அடியில் தாங்கும் சவ்வும் இல்லை. உணவின் சாரம் ஈரலணுக்களைத் தடையின்றி எட்டும்பொருட்டு இயற்கை செய்துவைத்த இந்த ஏற்பாட்டில், குடலிலிருந்து தப்பிவரும் கிருமிகளும் புகுந்துவிடக்கூடும் அல்லவா? அதற்காகவே அக்குழல்களின் உட்புறத்தில், ஓடும் இரத்தத்தில் கால்களை நீட்டிக்கொண்டு, குப்ஃபர் அணுக்கள் என்னும் விழுங்கணுக்கள் ஒட்டியிருக்கின்றன. உடல் முழுதிலும் திசுக்களில் நிலையாகத் தங்கியிருக்கும் விழுங்கணுக்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இவையே. குழலுக்குள் புற்றணு ஒன்று வந்து தங்கினால், குப்ஃபர் அணு அதைத் தொட்டுப் பற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுள் இழுத்து, விழுங்கிச் செரித்துவிடுகிறது. உயிருள்ள எலியின் ஈரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள் இதைக் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள்.

இவ்வணுக்களின் பெயரில் ஒரு பழங்கதை உண்டு. ஜெர்மானிய உடற்கூற்றியல் நிபுணரான கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபர் 1876இல் தங்க உப்பினால் சாயமேற்றி ஈரலில் கண்டு வருணித்த நட்சத்திர வடிவ அணுக்கள், உண்மையில் விழுங்கணுக்களே அல்ல. வைட்டமின் ஏ சத்தைத் தமக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, ஈரலுக்குக் காயம் நேர்ந்தால் நார்ப்பொருளைச் சுரக்கும் வேறோர் இனம் அது. இவ்விரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டது நெடுங்காலம் நீடித்தது. 1971இல் ஜப்பானின் கென்ஜிரோ வாக்கே இரண்டையும் பிரித்துக் காட்டினார். இதை நான் விநோதத்துக்காகச் சொல்லவில்லை. அன்று ஒன்றாக எண்ணப்பட்ட இவ்விரு அணுக்களும், புற்று ஈரலுக்குப் பரவும் காரியத்தில் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டு ஈடுபடுகின்றன என்பது நம் காலத்தில் தெரியவந்திருக்கிறது.

அதை விவரிக்குமுன், குப்ஃபர் அணு எப்போதும் நமக்கு நண்பன் என்று எண்ணிவிட வேண்டாம். எலிகளில் குடற்புற்றணுக்களைச் செலுத்துவதற்கு முன்பே குப்ஃபர் அணுக்களை மருந்தால் அழித்துவிட்டால் ஈரலில் புற்று பெருகியது. அதே அணுக்களைக் கட்டிகள் வேரூன்றிய பிறகு அழித்தபோது புற்று குறைந்தது. அணு ஒன்றே, காலம் மாறியது, காரியமும் மாறியது. இப்போது சொல்லுங்கள், இதைப் பெருக்குவதா, குறைப்பதா?

கணையப் புற்றின் கதை இதைவிட ஆழமானது. கணையத்தில் கட்டி தோன்றியதும், அதன் அணுக்கள் ஈரலை நோக்கிப் புறப்படுவதற்கு முன்பே, எக்ஸோசோம் என்னும் நுண்ணிய பொதிகளை இரத்தத்தில் விடுகின்றன. நியூயார்க்கில் டேவிட் லைடனின் ஆராய்ச்சிக் குழுவினர் 2015இல் எலிகளில் இப்பொதிகளைப் பின்தொடர்ந்து சென்று கண்டது இது: போர்ட்டல் சிரை வழியே ஈரலை அடையும் பொதிகளைக் குப்ஃபர் அணுக்கள், தம் சுபாவப்படி, விழுங்குகின்றன. விழுங்கியபின் அவற்றின் குணம் திரிகிறது. அவை சுரக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி பக்கத்திலுள்ள நட்சத்திர அணுக்களைத் தூண்ட, அவை ஃபைப்ரோநெக்டின் என்னும் ஒட்டும் புரதத்தைக் குழல்களைச் சுற்றிப் படியவிடுகின்றன. அப்படிவு எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் வேறு விழுங்கணுக்களைத் தடுத்து நிறுத்தி அங்கே தங்கவைக்கிறது. இப்படிப் பதப்பட்ட இடத்தில், பின்னால் வரும் புற்றணு எளிதில் பற்றிக்கொள்கிறது. பேஜட் சொன்ன நிலம், விதை விழுவதற்கு முன்பே, எதிர்ப்பு அணுக்களைக் கொண்டே உழப்படுகிறது! பொதிகளில் மிகுந்திருந்த ஒரு புரதத்தைத் தடுத்தபோது இத்தொடர் முறிந்தது, எலிகளின் ஈரலில் பரவலும் குறைந்தது. ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்பட்ட கணையப் புற்று நோயாளிகளிலும், பிற்காலத்தில் ஈரலில் புற்று பரவியவர்களின் இரத்தப் பொதிகளில், பரவாதவர்களைக் காட்டிலும் அந்தப் புரதம் மிகுந்திருந்தது. இங்கே எதிர்ப்பு அணு எதுவும் பலவீனப்படவில்லை என்பதை அருள்கூர்ந்து கவனியுங்கள். குப்ஃபர் அணு விழுங்கும் தொழிலை ஒழுங்காகச் செய்தது. மஜ்ஜையணுக்கள் அழைப்புக்கு இணங்கித் திரண்டு வந்தன. பலம் குறையவில்லை. அந்தப் பலத்தைப் புற்று தன் காரியத்துக்குத் திருப்பிக்கொண்டது.

நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களின் விஷயமும் இப்படியே. கிருமி புகுந்த இடத்துக்கு முதலில் ஓடிவரும் இவ்வணுக்கள், தம் கருவிலுள்ள டிஎன்ஏ இழைகளை வெளியே வீசி வலையாக விரித்துக் கிருமிகளைச் சிக்கவைக்கின்றன என்பதை 2004இல் பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தபோது, சிருஷ்டியின் இந்த உபாயத்தை வியக்காதவர் இல்லை. 2013இல் மொன்ட்ரியல் நகரத்தார் வேறொன்றைக் கண்டனர்: வயிற்றுக்குள் சீழ்நோய் ஏற்பட்ட எலிகளின் ஈரற்குழல்களில் விரிந்த இந்த வலைகளில், இரத்தத்தில் அலைந்துகொண்டிருந்த புற்றணுக்களும் சிக்கிக்கொண்டன, சிக்கியவை சாகவில்லை, அங்கேயே ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. வலையைக் கரைக்கும் நொதியைக் கொடுத்தபோது இந்தத் தீமை நீங்கியது. 2016இல் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள், குடலிலிருந்து பரவிய புற்றை அகற்ற ஈரலில் அறுவை செய்துகொண்டவர்களைப் பரிசோதித்து, அறுவைக்குப் பின் இரத்தத்தில் வலைகளின் அடையாளம் மிகுந்திருந்தவர்களுக்கு நோய் விரைவில் திரும்பியதைக் கண்டார்கள். 2020இல் குவாங்சோ நகரிலிருந்து வந்த செய்தி இன்னும் வியப்பானது: வலையின் டிஎன்ஏ இருக்குமிடத்தை உணரும் புரதம் ஒன்று புற்றணுவின் மேற்பரப்பிலேயே இருக்கிறது, அதன் துணையால் புற்றணு வலையை நாடிச் செல்கிறது. இதைப் படித்துவிட்டு அறுவை சிகிச்சையே ஆபத்து என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: குடற்புற்று ஈரலுக்குப் பரவியவர்களில் தகுதியுடையோருக்கு அப்பகுதியை வெட்டி எடுப்பதுதான் இன்றும் பூரண குணத்துக்கு இருக்கும் தலையாய வழி. அந்த வழியை இன்னும் பத்திரமாக்கவே மேற்சொன்ன ஆராய்ச்சிகளெல்லாம்.

நட்சத்திர அணுக்களைப் பற்றிய மற்றொரு செய்தியையும் சுருக்கமாகக் குறிப்பிட்டுச் செல்கிறேன். மார்பகப் புற்றணுக்கள் ஈரலை அடைந்தும் வளராமல் பல ஆண்டுகள் உறங்கிக் கிடப்பது உண்டு. அவற்றை அவ்வாறு அடக்கி வைத்திருப்பவை இயற்கைக் கொல்லி அணுக்கள் என்றும், ஈரலுக்குக் காயம் நேர்ந்து நட்சத்திர அணுக்கள் கிளர்ச்சியுற்றால் அவை சுரக்கும் பொருள் கொல்லி அணுக்களைச் செயலற்றுப் போகச் செய்ய, உறங்கிய புற்று விழித்துக்கொள்கிறது என்றும், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆராய்ச்சியாளர்கள் 2021இல் எலிகளில் காட்டினார்கள்.

இனி ஈரலின் இயல்பான குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களில் பெரும்பாலோர் இதை எழுதி நான் பார்த்ததில்லை. 1969இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் என்னும் அறுவை நிபுணர், ஒரு பன்றியின் ஈரலை வேறொரு பன்றிக்குப் பொருத்தியபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவுமின்றியே அது பலவற்றில் நிலைத்து நின்றதைக் கண்டார். அதுமட்டுமன்று, ஈரல் கொடுத்த அதே பன்றியின் சிறுநீரகத்தைப் பிறகு வைத்தால் அதையும் உடல் ஏற்றுக்கொண்டது. அந்நியத்தைச் சகித்துக்கொள்வது ஈரலின் சுபாவம். குடலிலிருந்து வேளைதோறும் வந்துகொண்டிருக்கும் உணவின் துணுக்குகளையும் கிருமிகளின் சிதைவுகளையும் கண்டபோதெல்லாம் ஈரல் கொதித்தெழுந்தால் அது தன்னையே எரித்துக்கொள்ளும். ஆதலால் அங்கே சகிப்பு என்பது குறையன்று, உயிர்வாழ்வதற்கான நிபந்தனை. அந்தச் சகிப்பின் நிழலில்தான் புற்றும் ஒண்டிக்கொள்கிறது. ஜேம்ஸ் ஆலிசன், தாசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபெல் பரிசை ஈட்டித் தந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த புதிய சிகிச்சை, டி அணுக்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களின் மீதுள்ள தடைகளை நீக்கி அவற்றைப் புற்றின்மேல் ஏவுவது என்பதை நீங்களே அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஈரலில் புற்று பரவியவர்களுக்கு அச்சிகிச்சை மற்றவர்களுக்குப் பலிக்கும் அளவு பலிப்பதில்லை. ஏன் என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2021இல் ஒரு காரணத்தைக் கண்டறிந்தார்கள்: இரத்தத்தில் திரியும் டி அணுக்கள் ஈரலுக்குள் வரும்போது, அங்குள்ள ஒருவகை விழுங்கணுக்கள் அவற்றைத் தொட்டே மாளச் செய்கின்றன, அதனால் ஈரலில் மட்டுமல்ல, உடலின் பிற பாகங்களில் உள்ள கட்டிகளிலும் டி அணுக்கள் அருகிப் போகின்றன. எதிர்ப்பு அணு எதிர்ப்பு அணுவைக் கொல்கிறது. எலிகளின் ஈரலுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தபோது இந்தக் கொலை குறைந்து, சிகிச்சையின் பலன் மீண்டது.

நம்பிக்கை இழப்பதற்காக இவற்றையெல்லாம் எழுதவில்லை. நம்பிக்கை எந்தத் திசையில் இருக்கிறதென்று காட்டுவதற்காகவே எழுதுகிறேன். கட்டிக்குள் டி அணுக்கள் எந்த வகையில், எவ்வளவு செறிவில், எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைக் கொண்டு குடற்புற்று நோயாளியின் எதிர்காலத்தை முன்கூட்டி உரைக்கலாம் என்று பாரிஸ் நகரத்து ஜெரோம் கலோன் குழுவினர் 2006இல் காட்டியது, நோய்க்குறியியலார் பார்க்கும் பார்வையையே மாற்றியது. கண்ணின் நடுப்படலத்தில் தோன்றும் கரும்புற்று ஒன்று உண்டு. அது பரவினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஈரலுக்கே போகும். பல ஆண்டுகளாக அதற்கு ஆயுளை நீட்டிக்கும் மருந்து எதுவும் கிடைக்கவில்லை. ஒரு முனையால் புற்றணுவையும் மறுமுனையால் டி அணுவையும் பற்றி இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தும் டெபென்டாஃபஸ்ப் என்னும் மருந்து, குறிப்பிட்ட திசு வகை உடையவர்களுக்கென 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள், அதைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 73. மற்ற சிகிச்சை பெற்றவர்களில் 59. இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகப் பெருக்குவதன்று. எந்த அணு, எதன்மேல், எவ்விடத்தில் என்று குறிபார்த்துச் செய்யப்படுவது.

பொதுவாகப் பெருக்கப் புகுந்தால் என்ன நேரலாம் என்பதற்கும் நம் தேசத்திலேயே சமீபத்து உதாரணம் இருக்கிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவுக்கு அஞ்சிய மக்கள், எதிர்ப்புச் சக்தி வளரும் என்று கேள்விப்பட்டுச் சீந்தில் கொடியின் சாற்றையும் மாத்திரையையும் வாங்கி நாள்தோறும் உட்கொண்டார்கள். அவர்களில் சிலர் மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்கு வந்தபோது, அவர்களின் ஈரல் சதையில், எதிர்ப்பு அணுக்கள் சொந்த ஈரலையே தாக்கும் வியாதியின் அடையாளங்கள் காணப்பட்டன. முதலில் மும்பையிலிருந்து ஆறு பேரைப் பற்றியும், பிறகு 2022இல் நாடெங்கும் 13 மருத்துவ நிலையங்களிலிருந்து 43 பேரைப் பற்றியும் ஈரல் நிபுணர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்து, வேறு மூலிகையைச் சீந்தில் என்று மயங்கியிருக்கலாம் என்றது. அந்த விவாதத்தில் எவர் சார்பிலும் பேச நான் வரவில்லை. நம் முன்னோரின் மருந்துகளிடம் எனக்கு மரியாதை உண்டு. சித்த வைத்தியர்கள் எவரும் ஆள் பாராமல், அளவு பாராமல் மருந்து கொடுக்கச் சொன்னதில்லை. ஆனால் தடை நீக்கும் புதிய சிகிச்சையைப் பெற்றுவரும் நோயாளிகளில் சிலருக்கு அந்தச் சிகிச்சையே ஈரல் அழற்சியை உண்டாக்குகிறது என்பதையும், அந்த நிலையில் ஒருவர் வீட்டில் தாமாக ஒரு பொடியையும் உட்கொண்டு வந்தால் ஈரல் கெட்டது எதனால் என்று மருத்துவர் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பார், உயிர் காக்கும் சிகிச்சையையே நிறுத்த நேரலாம் என்பதையும் உங்கள் வாசகர்கள் அறிய வேண்டாமா?

ஆகவே, அன்பர்களே, உங்களிடம் வேண்டிக்கொள்வது இதுதான். இந்தப் பொருளைக் குறித்து இனி எழுதும்போது, எந்த அணுவைப் பற்றி எழுதுகிறீர்கள், எந்த அவயவத்தில், நோயின் எந்தக் கட்டத்தில் என்பதைச் சொல்லுங்கள். கண்டது எலியிலா மனிதரிலா என்பதை மறவாமல் குறிப்பிடுங்கள். நான் மேலே எழுதியவற்றில் பெரும்பாலானவை எலிகளில் கண்டவை, மனிதருக்கு மருந்தாக வருமுன் இன்னும் பல படிகள் ஏற வேண்டியவை. வீட்டில் உட்கொள்ளும் பொடியும் கஷாயமும் எதுவானாலும், டப்பாவையே கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டும்படி ஒவ்வொரு கட்டுரையிலும் இரண்டு வரி சேருங்கள். ஒருவருக்குப் புற்று ஈரலுக்குப் பரவியது அவர் உண்டதாலோ, உண்ணாததாலோ, அவர் வீட்டார் ஊட்டத் தவறியதாலோ அன்று என்பதை, அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு விளங்கும் சொற்களால், ஒருமுறைக்குப் பலமுறை எழுதுங்கள். சந்தேகம் தோன்றினால் அச்சுக்குப் போகுமுன் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அத்துறையினரைத் தேடி நோயாளிகள் வருவது அபூர்வம், பத்திரிகையாளர் வருவது அதனினும் அபூர்வம். கேட்டால் மனமுவந்து படித்துத் திருத்தித் தருவார்கள், வேண்டினால் சாயமேற்றிய தகட்டையும் நுண்ணோக்கியில் வைத்துக் காட்டுவார்கள்.

இங்ஙனம்,
உங்கள் நெடுநாள் வாசகன்